சாட்சியும் தொகுப்பாளனும்

1

பலர் சேர்ந்து எழுதும் ஒரு பிரதிக்கு விதிகள் வகுக்க உட்காருகிறவர்கள், எழுதும் முறை பற்றித்தான் விதி செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேற்கோளை எப்படிக் காட்டுவது, பிறர் எழுதியதை எப்போது மாற்றலாம், சச்சரவு வந்தால் யார் தீர்ப்பது போன்ற காரியங்கள். ஆனால் இந்தக் காரியங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தார்மீகப் பிரச்னை இருக்கிறது. தனக்குத் தெரிந்த ஒன்றை, தனக்குத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் எழுதிவிட ஒருவனுக்கு உரிமை உண்டா? விதிகள் இதற்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரி மாணவர்கள் சிலர், தங்கள் கல்லூரியையும் ஊரையும் பற்றி ஒரு விக்கி தொடங்க உத்தேசித்து, அதில் எழுத வருகிறவர்களுக்கான விதிகளை எழுதி என்னிடம் படிக்கத் தந்தார்கள். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டுக்குத்தான் விக்கி என்று பெயர். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் முதலில் இதைச் செய்து, விரைவு என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லை அதற்கு வைத்தார். 2001-ல் விக்கிப்பீடியா வந்தது, 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா. மாணவர்களின் பதினான்கு விதிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை. சாராம்சத்தில் நான்குதான். உன் அபிப்ராயத்தை எழுதாதே. எழுதுவதற்கு ஆதாரம் காட்டு. பிறர் வாக்கியத்தை எடுத்து உன்னுடையதாக வைக்காதே. நீ எழுதியது உன்னுடையதல்ல, ஆகவே மாற்றப்பட்டால் கோபிக்காதே.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு முதல் விதியும் கடைசி விதியும் உறுத்தும். 1959-ல் செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியதிலிருந்து சிறுபத்திரிகைகள் வாதாடி வந்தது இதற்கு நேர் எதிரானதற்காக. விமர்சகன் தன் அபிப்ராயத்தைத் தன் பெயரில், தன் பொறுப்பில் சொல்ல வேண்டும்; பொதுவாகச் சொல்லப்படுகிறது, பலரும் கருதுகிறார்கள் என்ற பேராசிரியத் தமிழுக்குப் பின்னால் ஒளியக்கூடாது என்றுதான் சண்டை போட்டோம். கையெழுத்துத்தான் நேர்மைக்கு அத்தாட்சி என்பது நம் நம்பிக்கை. இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் வந்து, கையெழுத்தில்லாமல், அபிப்ராயமில்லாமல் எழுதுவதுதான் நேர்மை என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்று முதலில் தோன்றும். அப்படியல்ல என்பதே நான் சொல்ல வருவது.

2

பெயரின்மை நமக்குப் புதிதல்ல. ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் ஒவ்வொரு பிரதியும் பலர் கைபட்ட பிரதிதான். எழுதுகிறவன் தனக்குப் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றினான். செல்லரித்த அடியை ஊகித்து நிரப்பினான். கொஞ்சம் யாப்புப் பயிற்சி இருந்துவிட்டால் தானே ஒரு பாட்டைச் செய்து நடுவில் வைத்தான். கம்பராமாயணத்தில் இப்படிச் சேர்ந்தவற்றை வெள்ளிப்பாடல் என்று ஒதுக்கிவைக்கப் பின்னால் வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடைச்செருகல் என்ற சொல்லில் ஒரு வசை இருக்கிறது. அது பெயரில்லாமல் எழுதியதற்கான வசை அல்ல. சுவடு தெரியாமல் எழுதியதற்கான வசை. முன்பு இருந்ததை மறைத்து, தான் வைத்ததே என்றும் இருந்ததுபோல் காட்டினான் என்பதுதான் குற்றம்.

1887-ல் சீவக சிந்தாமணியில் தொடங்கி உ. வே. சாமிநாதையர் செய்த பதிப்புகளின் பெருமைகளில் ஒன்று, தாம் ஏற்ற பாடத்தோடு ஏற்காத பாடங்களையும் அடிக்குறிப்பில் கொடுத்தது. தன் முடிவைத் தன்னோடு ஒப்பாதவன் பரிசீலிக்க வழிவைத்துவிட்டுப் போகிற மரியாதை அது. விக்கியில் ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பழைய வடிவமும் அப்படியே காப்பாற்றப்படுகிறது. எதை, எப்போது, எந்தப் பெயர்கொண்டவர் மாற்றினார் என்பதைப் பின்னால் வருகிற எவரும் புரட்டிப் பார்க்கலாம். பாடபேதத்தை யந்திரம் தானாகவே குறித்துவைக்கிறது. ஆனால் ஏன் மாற்றினோம் என்பதை யந்திரம் எழுதாது. மாணவர்களின் பட்டியலில் பதினோராவதாக ஒரு விதி இருந்தது: காரணம் சொல்லாமல் எதையும் நீக்காதே. என் கணக்கில் அதுதான் முதல் விதி. காரணம் சொல்லாமல் நீக்குகிறவன் ஏட்டுக்காரனின் பழைய பாவத்தைத்தான் திரும்பச் செய்கிறான்.

பொறுப்பு எங்கே போய் நிற்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 1910-ல் வந்த அபிதான சிந்தாமணியில் பிழை இருந்தால் அது ஆ. சிங்காரவேலு முதலியாருடையது. 1954-லிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் பிழை இருந்தால் பெ. தூரனையும் அவரோடிருந்த குழுவையும் தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் கேட்கலாம். விக்கியில் இருக்கும் பிழை யாருடையது? எழுதினவனுடையது என்பது பாதிப் பதில். அதைப் பிழை என்று தெரிந்து, திருத்தும் வசதியும் இருந்து, பார்த்துவிட்டுப் போனவனுடையதும்தான். படிப்பவனுக்கு இதுவரை இல்லாத ஒரு சுமையை இந்த ஏற்பாடு தருகிறது. கையெழுத்து இல்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடவில்லை, பங்காகியிருக்கிறது. கவிதைக்கு இது ஆகாது. ஊர்ச் சரித்திரத்துக்கு ஆகும்.

3

நகல் எடுக்காதே என்ற விதியை எல்லோரும் சுலபமானது என்று நினைக்கிறார்கள். 2011-ல் புனே நகரத்துக் கல்லூரிகள் சிலவற்றில், மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவதைப் பாடத்தின் பகுதியாக ஆக்கிப் பார்த்தார்கள். நூல்களிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் அப்படியே எடுத்துவைத்த பத்திகள் வந்து குவிந்தன. மற்றவர்கள் அவற்றைத் தேடித் தேடி நீக்கிக் களைத்து, அந்த வருஷக் கடைசியில் ஏற்பாடே நின்றது.

அந்த மாணவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. நம் கல்வியில் சொந்த வாக்கியம் என்பது ஆபத்தான பொருள். நோட்ஸில் உள்ளபடி எழுதினால் முழு மார்க்கு. தனக்குப் புரிந்தபடி எழுதினால், புரிந்ததா இல்லையா என்று திருத்துகிறவர் யோசிக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு பதினைந்து வருஷம் நகலைச் சிரத்தை என்று மதித்துவிட்டு, ஒரு நாள் காலையில் அதைக் குற்றம் என்று சொன்னால் பையனுக்கு என்ன விளங்கும்? இரவல் வாக்கியத்தில் இருக்கும் பொய் சொத்து சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. நான் இதைப் புரிந்துகொண்டேன் என்ற பொய் அது. இப்படிச் சொல்லிக்கொடுத்தால்தான் விதிக்கு ஒரு பொருள் வரும். பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் வார்த்தைகளை இடம் மாற்றி வைக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

4

உண்மையான சிக்கல் ஆதாரம் காட்டு என்ற விதியில். தமிழ் விக்கிப்பீடியாவில் மெய்யறிதன்மை என்கிறார்கள். ஒரு செய்தி மெய்யென்று நீ அறிந்திருந்தால் போதாது. படிப்பவன் போய்ச் சரிபார்க்கும்படி நம்பகமான ஒரு பிரசுரத்தில் அது ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்.

இந்த விதி எங்கள் ஊருக்கு அந்நியமல்ல. முதுகுன்றத்தில் சுந்தரர் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டதைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆற்றில் இடுமுன் அவர் மச்சம் வெட்டி, ஒரு துண்டைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கிறபோது மாற்றுக் குறைகிறது. கொடுத்தவன் இறைவன், வாங்கியவர் தம்பிரான் தோழர். அப்படியும் கையில் ஒரு மாதிரித் துண்டு வேண்டியிருந்தது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்று கேலியாகச் சொல்கிறோம். மச்சத்தை மறந்துவிட்டதால்தான் அது கேலியாயிற்று.

இந்த விதி பலவீனனையும் காப்பாற்றுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். விதி இல்லாவிட்டால் ஊர்ப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு முதுகுன்றம் என்ற பெயர் மட்டுமே இருக்கலாம் என்று ஒரு கூட்டம் மற்றப் பெயரை அழிக்கும். விருத்தாசலமா விருத்தாச்சலமா என்று ஒரு ஒற்றுக்காக இரண்டு நாள் சண்டை நடக்கும். இவை வேடிக்கை. எந்தச் சாதியின் முன்னோர் இங்கே அரசாண்டார்கள் என்ற வாக்கியம் வரும்போது வேடிக்கை நின்றுவிடும். அப்போது ஆள் அதிகமுள்ள பக்கம் எழுதியதே சரித்திரம். கோயிலைக் கற்றளியாக்கியது செம்பியன் மாதேவி என்று சொல்லக் கல்வெட்டு இருக்கிறது. உங்கள் பாட்டனார் என்று சொல்ல என்ன இருக்கிறது என்று தனியாள் ஒருவன் கேட்க முடிவது இந்த விதியால்தான்.

ஆனால் இதே விதி செய்யும் இன்னொரு காரியத்தைப் பார்க்க வேண்டும். இது பீங்கான் ஊர். அகல், பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று பட்டறைகள் வேலை செய்த ஊர். இதற்கென்று அரசு பயிற்சி நிலையம் வைத்த ஊர். மாணவர்கள் முன்மாதிரியாகத் தயாரித்த பக்கங்களில் ஒன்று பீங்கான் தொழில் பற்றியது. அவர்களில் ஒருவருடைய தகப்பனார் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் பொடியாக எடைபோட்டுக் கலப்பது, அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த உருவின் ஓரங்களைச் சுரண்டிச் சீராக்குவது அவர் வேலை. இரண்டிலும் தூசி பறக்கும். சில வருஷமாக அவருக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டு முறை டி.பி. என்று மருந்து கொடுத்தார்கள். மகன் இதை ஐந்து வரியில் எழுதிப் பக்கத்தில் சேர்த்தார். அவருடைய சிநேகிதரே அதை நீக்கி, காரணமும் எழுதினார்: ஆதாரம் இல்லை, சொந்த அனுபவம். பக்கத்தில் மிஞ்சியது தொழிலின் பெருமையும் அது தந்த வேலை வாய்ப்பும். அவற்றுக்கு அச்சான பிரசுரங்கள் இருந்தன.

நீக்கியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. விதியைச் சரியாகவே அனுஷ்டித்தார். எழுதியவரும் பொய் எழுதவில்லை. விதிகள் சரியாக நடந்தேறிய பின்பும் பக்கம் அநியாயமாக இருக்கிறது. அபிப்ராயம் சொல்லாதே என்ற விதியைக் காப்பாற்றிக்கொண்டே அது ஒரு அபிப்ராயத்தைச் சொல்கிறது. மலர் அச்சிடவும் கையேடு வெளியிடவும் ஸ்தாபனங்களால் முடியும். தூசியைச் சுவாசித்தவன் அச்சிடுவதில்லை. அச்சில் உள்ளது மட்டுமே மெய்யறியக்கூடியது என்றால், மெய் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சட்டமும் இந்த இடத்தில் எழுத்தையே நம்பியிருந்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், குவார்ட்ஸ் போன்ற சிலிக்காத் தூசியால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்தது. பார்த்த மருத்துவரும் தொழிற்சாலை மேலாளரும் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை பொதுவாக அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலையே அல்ல. சிலிகோசிஸை டி.பி. என்று எடுத்துக்கொள்வதும் இந்தியாவில் சகஜம். அறிவிக்காத நோய்க்கு ஆவணம் கிடையாது. ஆவணம் இல்லாததற்கு விக்கியில் இடம் கிடையாது.

இதை விக்கிக்காரர்கள் உணராமலில்லை. 2011-ல் அசல் பிரபாலா என்பவர் விக்கிமீடியா நிறுவனத்தின் உதவியோடு, மலையாளத்திலும் ஹிந்தியிலும் தென்னாப்பிரிக்காவின் செபெடி மொழியிலும், அச்சில் இல்லாத அறிவை உரியவர்களிடம் பேசிப் பதிவுசெய்து அந்த ஒலிப்பதிவையே ஆதாரமாகக் காட்டும் ஒரு முயற்சி செய்தார். அது பொது விதியாக ஏற்கப்படவில்லை. பேச்சை யார் சரிபார்ப்பது என்ற ஆட்சேபம் நின்றது. அந்த ஆட்சேபமும் அற்பமானதல்ல.

5

சங்கடம் ஏழைக்கு மட்டும் வருவதில்லை. 2012-ல் அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத், தம்முடைய நாவல் ஒன்றுக்கு எவருடைய வாழ்க்கை தூண்டுதல் என்று விக்கிப்பீடியாவில் இருந்தது தவறு என்று திருத்தக் கேட்டார். எழுதியவர் அவரேயானாலும் வேறு ஆதாரம் வேண்டும் என்றார்கள். ராத் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் நீண்ட பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். கடிதம் வெளியானதும் அதையே ஆதாரமாகக் காட்டி விஷயம் விக்கிப்பீடியாவில் ஏறியது.

பலர் இதைக் கேலிக்கூத்து என்றார்கள். எனக்கு இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முதலில் ராத் வந்தது தொகுப்பாளர்களின் அறைக்கு. அங்கே சாட்சி சொல்ல இடமில்லை. பிறகு சாட்சிக் கூண்டில் ஏறி, தன் பெயரில், தேதியோடு, மறுக்கிறவன் மறுக்கும்படி சொன்னார். தொகுப்பாளர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். சாட்சியும் தொகுப்பாளனும் இரண்டு வேறு ஸ்தானங்கள், இரண்டு வேறு தர்மங்கள். சாட்சிக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்தில்லாத சாட்சியம் வதந்தி. தொகுப்பாளனுக்குக் கையெழுத்து கூடாது. கையெழுத்துப் போட்ட தொகுப்பு கட்சி. நம் பத்திரிகைகள் ஐம்பது அறுபது வருஷம் வாதாடியது முதல் தர்மத்துக்காக. மாணவர்களின் பதினான்கு விதிகள் இரண்டாவதைச் சொல்கின்றன. ஒரே விஷயத்தில் ஒரே ஆள் இரண்டு ஸ்தானத்திலும் உட்காரக்கூடாது என்பதுதான் விட்டுப்போன விதி. மகன் தகப்பனாரைப் பற்றித் தொகுப்பாளனாக எழுதக்கூடாது. கல்லூரி தன்னைப் பற்றித் தானே வெளியிட்ட மலரும் சாட்சியம்தான். அது தன் கட்சியைச் சொல்கிறது. அதைத் தொகுப்பாளன் முடிந்த உண்மையாக எழுதாமல், கல்லூரி இவ்வாறு சொல்கிறது என்றே எழுத வேண்டும். விதியை மகனுக்கு மட்டும் காட்டி மலருக்குக் காட்டாமல் விட்டதுதான் அந்தப் பக்கத்தில் நடந்த அநியாயம்.

ஆகவே விதியைத் தளர்த்துவது வழியல்ல. தளர்த்தினால் முதலில் நுழைவது சாதிப் பெருமை. சாட்சியத்துக்கு வேறு இடம் செய்வதுதான் வழி. 2004-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தங்கள் ஊருக்கென்று தொடங்கிய விக்கியில், அனுபவத்தையும் அபிப்ராயத்தையும் விலக்காமல், சொந்தப் பெயரில் சொல்லச் சொன்னார்கள். அதைக் கொஞ்சம் மாற்றி, சாட்சியங்களுக்கென்று ஒரு பகுதியைத் தனியே வைக்கலாம். பெயரும் தேதியும் இருக்கும். பிறர் அதைத் திருத்த முடியாது, பக்கத்தில் மறுப்பு எழுதலாம். கட்டுரை எழுதுகிறவன் அதைச் சுட்டி, இன்னார் இப்படிச் சொல்கிறார் என்று எழுதலாம்.

சாட்சிக்கும் விதிகள் உண்டு, அவை கடுமையானவை. பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தூசியைப் பார்த்தேன், இருமலைக் கேட்டேன், மருந்துச் சீட்டுகள் இவை என்று மகன் சொல்லலாம். தூசிதான் நோய்க்குக் காரணம் என்பதை நுரையீரலின் படத்தையும் வேலை பார்த்த வருஷங்களையும் சேர்த்து வைத்து ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு படியை மகன் தாண்டிவிட்டால், பட்டறைக்காரர் அந்தப் படியைப் பிடித்தே மற்ற உண்மைகளையும் கீழே இழுத்துவிடுவார். தூசியில் நின்றவனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவன் சொல்லில் ஒரு ஓட்டையும் விடாமல் எழுதிக் கொடுப்பது.

இங்கே விஷயம் நம்மிடம் வருகிறது. ராத்துக்கு 'நியூயார்க்கர்' இருந்தது. பட்டறையில் நின்றவருக்கு எது? பெரிய பத்திரிகைக்கு இது செய்தியல்ல, ஆராய்ச்சி ஏட்டுக்கு இது ஆராய்ச்சியல்ல. முந்நூறு பிரதி அச்சடித்து ஒருவருக்கொருவர் படித்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்கள்தான் மிச்சம். சுயானுபவத்தின் சத்தியம் என்று இவ்வளவு காலம் பேசியது, பெரும்பாலும் எழுதத் தெரிந்தவனின் சுயானுபவத்தைப் பற்றியே. எழுதாதவனின் அனுபவத்தை அச்சுக்குக் கொண்டுவரும் பொறுப்பை நாவலுக்கு விட்டுவிட்டோம். நாவலை யாரும் ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் தம்பிக்கோ மச்சானுக்கோ பட்டறையில் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவனிடம், கையெழுத்தில்லாவிட்டால் வதந்தி என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? அவனுக்காகப் பத்திரிகை ஆசிரியர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இவர் யார் என்று எனக்குத் தெரியும், சீட்டுகளைப் பார்த்தேன், கேள்வி கேட்டேன், பொய்யானால் என்னைக் கேளுங்கள் என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும். இதற்குக் கொஞ்சம் அலைச்சல் உண்டு, வக்கீல் நோட்டீஸும் வரலாம். நம் ஆசிரியர்கள் மோசமான கவிதையை மறுப்பதில் காட்டிவந்த கறாரை ஒரு தகவலை விசாரிப்பதிலும் காட்டினால், அச்சாவது முந்நூறு பிரதியே ஆனாலும், பின்னால் தொகுக்க வருகிறவனுக்கு உரைத்துப் பார்க்க ஒரு துண்டு கிடைக்கும்.